கால் எரிச்சலுக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: சர்க்கரை நோய்க்குப் பதினோரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு பாதமும் எரிகின்றன, போர்வை பட்டாலே கூசுகிறது. வலி மாத்திரை போட்டால் பகல் முழுக்க மந்தம். வேறு எதில் பணத்தைப் போட்டால் பலன் இருக்கும்?

பதில்: முதல் செலவு ரத்தப் பரிசோதனைக்கு ஆகட்டும். சர்க்கரை உள்ளவருக்குக் கால் எரிந்தால் சர்க்கரைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் இன்னொரு காரணமும் கூடவே ஒளிந்திருக்கலாம், அது தீர்க்கக்கூடியதாகவும் இருக்கலாம். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), பி12, தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), இம்யூனோஃபிக்சேஷனுடன் சேர்ந்த புரத எலக்ட்ரோபோரெசிஸ் (ரத்தத்தில் அசாதாரணப் புரதம் இருக்கிறதா என்று பார்க்க) ஆகியவற்றைப் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மதுப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நரம்பைக் கெடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

நீங்கள் சாப்பிடுவது மெட்ஃபார்மின் என்றால் பி12 பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த மருந்து வருடக்கணக்கில் உள்ளே போகும்போது பி12 உடலில் சேர்வது குறைகிறது. மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று எடுத்துக்கொள்வார்கள். 200 முதல் 300 வரை இரண்டுங்கெட்டான் நிலை. அப்போது, பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் மெத்தில்மலோனிக் அமிலத்தையும் பார்த்தால் தெளிவாகும். சத்து மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். போட்ட பிறகு கொடுத்தால் அளவு ஏறியிருக்கும், இருந்த குறை தெரியாமலே போய்விடும்.

நரம்புக் கடத்தல் பரிசோதனை 'நார்மல்' என்று வந்தால் குழம்ப வேண்டாம். அது பெரிய நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலைச் சுமப்பவை மெல்லிய இழைகள். அவற்றைப் பார்க்கக் கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மில்லிமீட்டர் தோல் எடுத்துச் சோதிப்பார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. எரிச்சல் போகட்டும் என்று சர்க்கரையை ஒரேயடியாக இறக்கினால் எரிச்சல் கூடவும் கூடும். மூன்று மாதத்துக்குள் ஹெச்பிஏ1சி 2 புள்ளிக்கு மேல் சரிந்தவர்களிடம் இது காணப்பட்டிருக்கிறது. இறக்கத்தான் வேண்டும், படிப்படியாக. இப்போது போடும் வலி மாத்திரையையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். பிரிகாபலின், கபாபென்டின், டியூலாக்செடின் எல்லாமே மெல்லக் குறைத்து நிறுத்த வேண்டியவை. மந்தம் தாங்கவில்லை என்றால் அளவையோ வேளையையோ மாற்றித் தரச் சொல்லுங்கள்.

போர்வைக் கூச்சத்துக்குச் செலவே இல்லாத வழி உண்டு. பெரிய அட்டைப் பெட்டியின் இரண்டு பக்கங்களை வெட்டிவிட்டுப் பாலம்போல் கால்மாட்டில் வைத்து, அதன்மேல் போர்வையைப் போடுங்கள்.

கேள்வி: 'நரம்புகளைப் புதுப்பிக்கும்' என்று விளம்பரம் செய்யப்படும் மாத்திரையில் பி1, பி6, பி12, ஆல்ஃபா லிப்போயிக் அமிலம், பயோட்டின் என்று பெரிய பட்டியலே இருக்கிறது. 30 நாளில் பலன் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: லேபிளில் முதலில் பி6 வரியைத் தேடுங்கள். பைரிடாக்சின் என்றோ பைரிடாக்சால் 5 பாஸ்பேட் என்றோ இருக்கும். பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், கூடினாலும் கெடும். கூடினால் வருவதும் அதே மரத்துப்போதல், அதே எரிச்சல்தான். நோய் முற்றுகிறது என்று நினைத்து அதே மாத்திரையைக் கூடுதலாக விழுங்குகிறவர்கள் உண்டு, அதுதான் கொடுமை. பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்ச வரம்பை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் 12 மில்லிகிராமாகக் குறைத்தது. அமெரிக்காவில் அந்த வரம்பு 100. 'நரம்பு மாத்திரை' ஒன்றிலேயே 50, 100 என்று இருப்பது சாதாரணம். அதோடு ஒரு மல்டிவைட்டமினும் சத்து பானமும் சேர்ந்தால் கூட்டுத்தொகை எங்கோ போய்விடும். வீட்டில் உள்ள எல்லா டப்பாக்களையும் மேசையில் வைத்து பி6-ஐ மட்டும் கூட்டிப் பாருங்கள். அதிகம் என்று தெரிந்து நிறுத்தினாலும் சில வாரம் தொந்தரவு ஏறிவிட்டுத்தான் இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள்.

பி12 குறைவு உறுதியானால் அதை மட்டும் தனியாக வாங்குவது நல்லது. ஒரு நாளைக்கு 1000 மைக்ரோகிராம் வாய்வழி மாத்திரை பெரும்பாலோருக்குப் போதும். குடலில் சரியாகச் சேராதவர்களுக்கும் அவ்வளவு பெரிய அளவில் நூற்றில் ஒரு பங்கு தானாகவே உள்ளே போய்விடுகிறது. குறைபாடு கடுமையாக இருந்தாலோ, நடை தள்ளாடினாலோ ஊசியில்தான் தொடங்குவார்கள். நாக்குக்கடியில் வைப்பது, மெத்தில் வகை (மெத்தில்கோபாலமின்) என்பதற்கெல்லாம் கூடுதல் விலை கொடுக்க அவசியம் இல்லை.

ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் 600 மில்லிகிராம் என்ற அளவில் ஆராயப்பட்டது. தொடக்க ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. 2024-இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) தொகுப்பாய்வு, ஆறு மாத முடிவில் அறிகுறிகளில் பெரிய வித்தியாசம் இல்லை என்ற பக்கமே சாய்ந்தது. சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் இரவு வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று தினமும் குறித்து வையுங்கள். மூன்று மாதத்தில் எண் இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம். சர்க்கரை சடாரென்று தாழக்கூடும்.

பயோட்டின் அதிகமாக உள்ள மாத்திரை தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டக்கூடும். ரத்தம் கொடுக்கும் இடத்தில் அதைச் சொல்லுங்கள்.

30 நாள் கதையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வெட்டுப்பட்ட நரம்பு நல்ல சூழ்நிலையில் வளர்வதே நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். இடுப்பிலிருந்து கால்விரல் வரை ஒரு மீட்டர். 30 நாளில் எதைப் புதுப்பிக்கிறார்களாம்? பொருட்களின் தனித்தனி அளவைப் போடாமல் 'சிறப்புக் கலவை' என்று மொத்த எடையை மட்டும் அச்சிட்டிருந்தால் அந்த டப்பாவைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: டென்ஸ் கருவி, அகச்சிவப்பு விளக்குப் பட்டை, சூடு தரும் கால் மசாஜர்: மூன்றில் எது?

பதில்: மூன்றில் ஒன்றுதான் என்றால் டென்ஸ், அதாவது தோலில் பேடு ஒட்டி மெல்லிய மின்துடிப்பு செலுத்தும் கருவி. அதையும் வாங்கும் முன் பிசியோதெரபிஸ்ட்டிடம் இரண்டு மூன்று முறை போட்டுப் பாருங்கள். கருவி ஓடும்போதும் அதற்குப் பின் கொஞ்ச நேரமும் எரிச்சலைக் குறைக்கும், அவ்வளவே. நரம்பைக் குணப்படுத்தாது. படுக்கப் போகும் முன் அரை மணி நேரம் போட்டுத் தூக்கம் வந்தால் அதுவே லாபம்.

இரண்டு காலுக்கும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க இரண்டு சேனல் வேண்டும். அதிர்வெண்ணை 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை வைக்க முடிய வேண்டும். அந்தக் கம்பெனியின் பேடு மட்டுமே பொருந்தும் கருவியாக இருந்தால் பின்னால் செலவு இழுக்கும். பேடு தேய்ந்துகொண்டே இருக்கும் பொருள் என்பதால் பொதுவான முனையுள்ள கருவியே நல்லது. முற்றிலும் மரத்த தோலில் ஒட்டாதீர்கள். உணர்ச்சி உள்ள கெண்டைக்காலிலோ கணுக்காலுக்கு மேலேயோ ஒட்டுங்கள். குறுகுறுப்பு பலமாகத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. பேடு காய்ந்து ஓரம் தூக்கினால் மின்சாரம் ஒட்டியிருக்கும் சிறு இடத்தில் குவிந்து சுட்டுவிடும். மரத்த காலில் அது தெரியவும் தெரியாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கழுத்தின் முன்பக்கம், மார்பு, புண் உள்ள இடம் ஆகியவற்றில் யாருக்கும் ஆகாது.

அகச்சிவப்புப் பட்டையை வீட்டில் போட்டவர்களைப் போலிக் கருவி போட்டவர்களோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் மெடிக்கேர் காப்பீடு 2006-லேயே நரம்புப் பாதிப்புக்கான இந்தச் சிகிச்சைக்குப் பணம் தர மறுத்துவிட்டது. சூடு தரும் மசாஜரை வாங்கவே வேண்டாம். வெந்நீர்ப் பைக்கும் அதே பதில்தான். மரத்த காலில் சூடு உறைக்காது, தோல் வெந்தபிறகே கண்ணில் படும். 'எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) பதிவு பெற்றது' என்ற வரியிலும் ஏமாறாதீர்கள். தயாரிப்பாளர் தன் பெயரையும் பொருளையும் பதிவு செய்திருக்கிறார் என்பதே அதன் பொருள். அது அங்கீகாரம் ஆகாது.

கேள்வி: இறுக்கமான கம்ப்ரெஷன் சாக்ஸ் நரம்புக்கு நல்லதா?

பதில்: வீக்கத்துக்கு நல்லது. நரம்புக்கு அதனால் எதுவும் ஆவதில்லை. சர்க்கரை உள்ளவர்கள் கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதம் பார்க்காமல் போடக் கூடாது. ரத்த ஓட்டம் குறைந்த காலை அது இன்னும் நெரிக்கும்.

கேள்வி: பாதம் பாதி மரத்துவிட்டது. விலையுயர்ந்த 'டயாபெடிக் ஷூ' வாங்க வேண்டுமா? எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: பெயருக்கு விலை கொடுக்க வேண்டாம், அளவுக்குக் கொடுங்கள். மரத்த காலுக்கு இறுக்கமான ஷூதான் 'கச்சிதமாக' இருப்பதுபோல் தோன்றும், ஏனென்றால் இறுக்கினால்தான் கொஞ்சமாவது உணர்வு வருகிறது. ஆகவே காலின் தீர்ப்பை நம்ப முடியாது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தாளின் மேல் நின்று இரண்டு பாதத்தையும் வரைந்து வெட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்தத் தாள் ஷூவுக்குள் மடங்காமல், சுருங்காமல் கிடக்க வேண்டும். நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் 1 முதல் 1.5 சென்டிமீட்டர் இடம் இருக்கட்டும். மேல்பகுதி விரல் முட்டியில் உரசாத அளவு உயரமாக, உள்ளே தடித்த தையல் இல்லாமல் இருக்க வேண்டும். வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் வேண்டாம். பின்பட்டை இல்லாத செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது.

முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்துக்குப் பிறகும் மறையவில்லை என்றால் அந்த ஜோடி உங்களுக்கு ஆகாது. வீட்டுக்குள் போட்டுப் பார்த்துத் திருப்பித் தரலாமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிர் நிற சாக்ஸ் போட்டால் ரத்தக் கறை உடனே தெரியும். ஒவ்வொரு முறையும் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவுங்கள்.

தோலின் சூட்டை அளக்கும் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. பெருவிரல், அதன் அடிமேடு, நடுவிரல், சுண்டுவிரல் அடிமேடுகள், நடுப்பாதம், குதிகால் என்று ஆறு இடங்களில் இரு பாதத்தையும் ஒப்பிடுங்கள். ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் நடையைக் குறைத்து மருத்துவரைப் பாருங்கள். புண் வருவதற்கு முன்னால் வரும் எச்சரிக்கை அது. ஒரு பாதம் மட்டும் வலியே இல்லாமல் சிவந்து, சூடாகி, வீங்கினால் இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது. எலும்பு உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அன்றே போங்கள்.

கேள்வி: வீட்டில் வைக்கும் உடற்பயிற்சி சைக்கிள் வாங்குவது வீண் செலவா?

பதில்: இந்தப் பட்டியலிலேயே உருப்படியான செலவு அதுதான். பத்து வாரம் ஏரோபிக், எடைப் பயிற்சி இரண்டையும் கண்காணிப்பில் செய்த சர்க்கரை நோயாளிகளிடம் வலி குறைந்ததோடு தோலில் நரம்பிழைகள் கிளைவிட்டதையும் ஒரு சிறிய ஆய்வு கண்டது. பாதம் மரத்தவர்களுக்கு டிரெட்மில்லைவிட உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் பாதுகாப்பானது. வாரத்துக்கு 150 நிமிடம் இலக்கு. பாதத்தில் புண் இருந்தால் ஆறும் வரை வேண்டாம்.

கேள்வி: முதுகுத்தண்டில் மின்கருவி பொருத்தச் சொல்கிறார்கள். என்னென்ன கேட்க வேண்டும்?

பதில்: பல மருந்து போட்டும் வலி குறையாதவர்களுக்கான வழி அது. சர்க்கரையால் வரும் நரம்பு வலிக்கு 10 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்தாயிரம் மின்துடிப்பு) வகைக்கு அமெரிக்காவில் 2021-இல் அனுமதி கிடைத்தது. நிரந்தரமாக வைக்கும் முன் சுமார் ஒரு வாரம் வெளிக்கருவியால் சோதனை நடக்கும். அந்த வாரத்தில் வலி பாதியாவது குறையவில்லை என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பேட்டரி எத்தனை வருடம், மாற்ற மறுபடி அறுவையா, எம்ஆர்ஐ எடுக்கலாமா, கிருமித் தொற்று வந்தால் கருவியை எடுக்கும் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன் 8 சதவீத கேப்சைசின் (மிளகாயின் காரப் பொருள்) பட்டையைக் கேட்டுப் பாருங்கள். மருத்துவமனையில் பாதத்தில் 30 நிமிடம் ஒட்டி எடுப்பார்கள். ஒட்டும்போது நன்றாக எரியும், பலித்தால் மூன்று மாதம் வரை தாங்கும், கத்தி தேவையில்லை.