'முடிவெடுத்துவிட்டுத்தானே நம்மைக் கேட்கிறார்கள்?'

கேள்வி: என் மகன் கவுன்சில் நடத்தும் பிரைமரி பள்ளியில் இயர் 2 படிக்கிறான். பிள்ளைகள் குறைந்துவிட்டதால் எங்கள் பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு இணைப்பது பற்றிக் கருத்துக் கேட்டுக் கவுன்சிலிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. இந்த வருடம் பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷனில் 60 இடங்களுக்கு 34 பிள்ளைகள்தான். பத்து வருடங்களுக்கு முன்பு இதே பள்ளியில் இடம் போதவில்லை என்று கூடுதல் வகுப்பறை கட்டினார்கள். 'எல்லாம் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள், படிவம் நிரப்பி என்ன ஆகப்போகிறது' என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்கிறார்கள். சிலர் வேறு பள்ளிக்கு மாற்ற விண்ணப்பித்தும் விட்டார்கள். நானும் மாற்றிவிடட்டுமா?
– ஒரு தாய், வடமேற்கு லண்டன்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது மாற்ற வேண்டாம். கவுன்சில் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் உங்கள் குழுவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையை மாற்ற மாற்ற, மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலைமை வந்துகொண்டிருக்கிறது.

இங்கிலாந்தில் பள்ளிக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்தே வருகிறது. அக்டோபர் மாதத்தின் முதல் வியாழக்கிழமை கணக்கெடுப்பு நாள். அன்று பதிவேட்டில் உள்ள பிள்ளைகளை வைத்துத்தான், கவுன்சில் பள்ளிகளுக்கு அடுத்த ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டின் பணம் கணக்கிடப்படும். இதோடு இன்னொரு சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 வகுப்புகளில், சில விதிவிலக்குகள் தவிர, ஓர் ஆசிரியரிடம் 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. 30 பேர் என்றால் ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர். நீங்கள் சொல்லும் 34 பேர் என்றால் இரண்டு வகுப்பு, இரண்டு ஆசிரியர், இரண்டு அறை. பணமோ 34 பேருக்குத்தான் வரும். ஆசிரியரின் சம்பளமும் குளிர்காலத்து ஹீட்டிங் செலவும் வகுப்பில் 17 பேர் இருந்தாலும் 30 பேர் இருந்தாலும் அதேதான். இப்படி இரண்டு மூன்று வருடம் போனால் பள்ளி கடனில் விழும். முதலில் உதவியாளர்கள் போவார்கள், அப்புறம் இசை, நீச்சல், மாலைநேர கிளப் என்று ஒவ்வொன்றாகப் போகும். அதைப் பார்த்து இன்னும் சில குடும்பங்கள் வெளியேறும். உங்கள் குழுவில் பயந்துபோய் மாற்றுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் பிள்ளையின் நலனை எந்தத் தாயும் பணயம் வைக்க மாட்டாள். ஆனால் அதன் விளைவு என்ன என்பது தெரிந்தே மாற்றட்டும்.

அடுத்து, பத்து வருடங்களுக்கு முன்பு கட்டிவிட்டு இப்போது ஏன் இணைக்கிறார்கள் என்ற கோபம். அன்று கட்டியது தவறில்லை. 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தன் பகுதியில் பிள்ளைகளுக்குப் போதுமான பள்ளிகள் இருப்பதை உறுதிசெய்யும் கடமையைக் கவுன்சிலுக்குக் கொடுத்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 2012-இல் ஏறத்தாழ 7 லட்சத்து 30 ஆயிரம் குழந்தைகள் பிறந்தார்கள். அவர்கள் ரிசப்ஷனுக்கு வந்தபோது எங்கே உட்காரவைப்பது? அதனால்தான் அந்த வருடங்களில் ஊரெங்கும் கூடுதல் வகுப்புகள். 2023-இல் பிறந்தவர்கள் 5 லட்சத்து 91 ஆயிரம் பேர்தான். 1977-க்குப் பிறகு அவ்வளவு குறைவாக இருந்ததில்லை. லண்டனில் இதற்கு மேல் வாடகைப் பிரச்சினை வேறு. நம்மவர்களே எத்தனை குடும்பங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வீடு மலிவான ஊர்களைத் தேடிப் போய்விட்டன!

பிறப்பு எண்ணிக்கை நான்கு வருடம் முன்பே கையில் இருக்கும்போது ஏன் தடுமாறுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பிறந்த இடத்திலேயே பிள்ளை பள்ளிக்குப் போவதில்லை என்பதுதான் சிக்கல். கவுன்சில்கள் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பதிவுகளைப் பார்க்கின்றன, புதிய அடுக்குமாடிகளில் வீட்டுக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று கணக்குப் போடுகின்றன, பகுதி பகுதியாகப் பிரித்து அரசுக்கு ஒவ்வொரு வருடமும் கணிப்பு அனுப்புகின்றன. அடுக்குமாடி தாமதமானால் அந்தக் கணக்கு போச்சு. எல்லையைத் தாண்டி அடுத்த பரோவிலிருந்து (வேறு கவுன்சிலின் பகுதியிலிருந்து) பிள்ளைகள் வருவதையும் தடுக்க முடியாது. வெளியூர்ப் பிள்ளை என்பதற்காக மட்டும் ஒருவரைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது என்று 1989-இல் கிரெனிச் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது.

எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்கும் பொறுப்பு கவுன்சிலுடையது. ஆனால் எல்லாப் பள்ளிகளும் அதன் கையில் இல்லை. அகாடமிகள் நேராக மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டவை, அவற்றைக் கவுன்சில் மூட முடியாது. ஒரு வருடத்தில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்ற எண்ணிக்கையை ('பான்' என்பார்கள்) கவுன்சிலே நடத்தும் சமூகப் பள்ளிகளுக்கும் சில மதப் பள்ளிகளுக்கும் மட்டும்தான் கவுன்சில் நிர்ணயிக்கும். மற்ற மதப் பள்ளிகளும் அகாடமிகளும் தாங்களே நிர்ணயித்துக்கொள்கின்றன. ஆகவே ஒரு பகுதியில் 100 இடம் அதிகம் என்றால், கத்தி முதலில் கவுன்சில் பள்ளியின் மீதுதான் விழுகிறது. அந்தப் பள்ளிதான் மோசம் என்று அதற்கு அர்த்தமில்லை, கைக்கு எட்டுவது அதுதான். உங்கள் பதிலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: சுற்றியுள்ள அகாடமிகளிடமும் மதப் பள்ளிகளிடமும் இடங்களைக் குறைக்கச் சொல்லிக் கேட்டீர்களா, என்ன பதில் வந்தது?

சரி, 'முடிவெடுத்துவிட்டார்கள்' என்ற பேச்சுக்கு வருவோம். கவுன்சில் நடத்தும் பள்ளியை மூட ஐந்து கட்டங்கள் உண்டு. முதலில் கருத்துக் கேட்பு. உங்களுக்கு வந்திருப்பது அந்தக் கடிதம். பள்ளி நடக்கும் காலத்தில் குறைந்தது ஆறு வாரமாவது கொடுக்க வேண்டும் என்பது அரசின் வழிகாட்டல். அதன் பிறகும் மூட நினைத்தால் சட்டப்படியான அறிவிப்பு வெளியிட வேண்டும். அதிலிருந்து நான்கு வாரம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். அது முடிந்து இரண்டு மாதத்துக்குள் கவுன்சில் முடிவெடுக்க வேண்டும், தவறினால் விஷயம் பள்ளித் தகராறுகளைத் தீர்க்கும் தனி நடுவரிடம் போகும். கடைசியில்தான் நடைமுறைப்படுத்தல். முடிவு வந்த பிறகு பெற்றோர் மேல்முறையீடு செய்ய வழியில்லை. முடிவெடுத்த முறை சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம், அதுவும் தாமதமின்றி, அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள். செலவும் அலைச்சலும் சாதாரணமாக இருக்காது. பெற்றோரின் குரலுக்கு மிக அதிக மதிப்பு இருக்கும் கட்டம் முதல் கட்டம். அதைத்தான் நம் ஆட்கள் 'என்ன ஆகப்போகிறது' என்று கைவிடுகிறார்கள்.

பேருக்குக் கேட்டுவிட்டுப் போகும் உரிமை கவுன்சிலுக்குக் கிடையாது. இதற்கு வழிகாட்டியாக இன்றும் சொல்லப்படும் வழக்கு, நம்மவர்கள் நிறைய வாழும் லண்டனின் பிரெண்ட் பரோவில் பள்ளிகளை மூடும் திட்டத்தை எதிர்த்து நடந்ததுதான். 1985-இல் வந்த அந்தத் தீர்ப்பில் நான்கு அளவுகோல்கள் ஏற்கப்பட்டன. யோசனை இன்னும் உருவாகும் நிலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும், புரிந்துகொண்டு பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைக் கொடுக்க வேண்டும், போதிய நேரம் தர வேண்டும், வந்த பதில்களை மனப்பூர்வமாகப் பரிசீலித்த பின்பே முடிவெடுக்க வேண்டும். ஹாரிங்கே கவுன்சில் தொடர்பான வேறொரு வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றமும் இவற்றை உறுதிசெய்தது. உங்கள் கடிதத்தை இந்த நான்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்று வழிகள் எதுவும் அதில் இல்லையா? சேர்க்கை எண்ணிக்கையை 60-இலிருந்து 30-ஆகக் குறைப்பது, இரண்டு பள்ளிக்கும் ஒரே தலைமையாசிரியரை வைப்பது, இரண்டு வயதுப் பிள்ளைகளைக் கலந்து வகுப்பு நடத்துவது என்று எதையுமே ஆராயவில்லையா? அப்படியென்றால் அதையே எழுதுங்கள். இணைப்பு என்று சொல்வதிலும் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு பள்ளியைச் சட்டப்படி மூடிவிட்டு மற்றதைப் பெரிதாக்குவதுதான் நடக்கிறது. மூடப்படுவது எது, எந்தக் கட்டடம், எந்த ஆசிரியர்கள் மிஞ்சுவார்கள் என்று நேராகக் கேளுங்கள்.

எழுத்தோடு எழுத்துப் பொருந்தும் 200 படிவங்களைக் குழுவாக அனுப்புவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அதிகாரிகள் அவற்றை ஒரே கருத்தாகத் தொகுத்து அறிக்கையில் ஒரு வரியாகப் போட்டுவிடுவார்கள். 'எங்கள் பள்ளி நல்ல பள்ளி, மூடாதீர்கள்' என்பதும் அப்படித்தான். ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்கு உங்கள் மகனோடு அந்தப் பக்கத்துப் பள்ளிவரை நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது, எந்தச் சாலையைக் கடக்க வேண்டியிருந்தது, அங்கே பாதசாரிக் கடவை இருக்கிறதா, தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு வரும் தாய் எப்படிக் கடப்பாள்? அதை எழுதுங்கள். இரண்டு பிள்ளைகளை இரண்டு வாசலில் விட வேண்டியவர் அந்த நேரக் கணக்கை எழுதட்டும். சிறப்புத் தேவைக்கான திட்டத்தில் பள்ளியின் பெயர் குறிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோர், திட்டத்தை எப்போது திருத்துவீர்கள், பிள்ளைக்கு இப்போது உதவும் உதவியாளர் கூடவே வருவாரா என்று கேட்கட்டும். சமத்துவச் சட்டப்படி இந்த மாற்றம் யாரை எப்படிப் பாதிக்கும் என்று கவுன்சில் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டது. ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் தமிழில் விளக்கம் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

எல்லாம் செய்தும் பள்ளி மூடப்படலாம். லண்டனின் ஹாக்னி பரோவில் 2024-இல் இரண்டு பிரைமரி பள்ளிகள் மூடப்பட்டன, இன்னும் நான்கு பள்ளிகள் இரண்டாக இணைக்கப்பட்டன. பெற்றோர் எதிர்க்காமல் இல்லை. ஆனால் மூடினாலும் உங்கள் பிள்ளைக்கு இடம் தேடிக் கொடுக்கும் கடமை கவுன்சிலை விட்டுப் போகாது. இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்: சகோதரர்களை ஒரே பள்ளியில் சேர்ப்பீர்களா, இணையும் பள்ளியில் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் உறுதியா, சீருடைச் செலவு யாருடையது? முடிவெடுக்கும் கூட்டத்தின் ஆவணங்கள் ஐந்து வேலை நாள் முன்பே வெளியாகும். அவற்றில் உங்கள் பதில்கள் எப்படித் தொகுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, விடுபட்டதைக் கவுன்சிலருக்கு அனுப்புங்கள். அதன் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றினால் அப்போது மாற்றுங்கள்.

இன்னொன்று. கவுன்சில் பள்ளிகள் பலவற்றில் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிகள் வாடகைக்கு நடக்கின்றன. உங்கள் பள்ளியிலும் அப்படி ஒன்று நடந்தால், அதன் நிர்வாகத்தினர் தனியாகப் பதில் அனுப்ப வேண்டும். கட்டடமும் விளையாட்டு மைதானமும் என்ன ஆகும், விற்கவோ வேறு வேலைக்கு மாற்றவோ போகிறீர்களா, சனிக்கிழமை வகுப்புகளுக்கு மாற்றிடம் தருவீர்களா என்று அவர்கள் கேட்கட்டும். மைதானத்தைக் கைமாற்ற பெரும்பாலும் கல்வி அமைச்சரின் ஒப்புதல் தேவை என்பதையும் குறிப்பிடட்டும். கடிதத்தில் உள்ள கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதில் மின்னஞ்சலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.