‘மலத்தில் ஈஸ்ட்’ என்று ரிப்போர்ட் வந்தால்... வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு வருடமாகச் சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது. ஏப்பம், அசதி வேறு. மலப் பரிசோதனையில் ‘ஈஸ்ட் செல்கள் உள்ளன’ என்று எழுதியிருக்கிறார்கள். குடல் முழுக்க கேன்டிடா பெருகிவிட்டது, ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். எந்தச் சிகிச்சை நல்லது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அந்த ஒரு வரியை வைத்து எந்த மருந்தையும் தொடங்காதீர்கள். கேன்டிடா ஈஸ்ட் வகைப் பூஞ்சை. எந்தத் தொந்தரவும் இல்லாத ஏராளமானவர்களின் வாயிலும் குடலிலும் அது சாதாரணமாகவே குடியிருக்கிறது. ஆகவே மலத்தில் தென்படுவது நோய்க்கு அடையாளம் ஆகாது. மாதிரியைக் காலையில் எடுத்து, மதியம் வரை வெளியே வைத்திருந்து லேப்பில் கொடுத்தால் அந்த டப்பாவுக்குள்ளேயே ஈஸ்ட் பெருகிவிடும். டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பி, நூல் நூலாக இறங்குகிறதா என்று பார்க்கும் ‘சோதனை’யும் இணையத்தில் சுற்றுகிறது. அது காட்டுவது எச்சிலின் பிசுபிசுப்பை மட்டுமே.

அசதி, தலைவலி, உப்புசம், ஞாபக மறதி எல்லாவற்றுக்கும் குடல் ஈஸ்ட்தான் காரணம் என்ற கருத்து அமெரிக்காவில் 1980களில் பரவியது. அதைச் சோதிக்க அலபாமாவில் 42 பெண்களுக்கு நிஸ்டாடின் என்ற பூஞ்சை மருந்தையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1990இல் வெளியானது. பிறப்புறுப்பு அரிப்பு நிஸ்டாடினில் கூடுதலாகக் குறைந்தது. உடல் முழுவதும் சொன்ன மற்றத் தொந்தரவுகள் வெற்று மாத்திரையிலும் அதே அளவு குறைந்தன. ஆறு மாத மருந்து என்ற யோசனையை நாங்கள் ஏற்காததற்கு இதுவே முதல் காரணம்.

உங்கள் உப்புசம் கற்பனை என்று சொல்லவில்லை. அதற்கு முதலில் பார்க்க வேண்டியவை வேறு. ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை சராசரி (எச்பிஏ1சி), தைராய்டுக்கு டிஎஸ்எச், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, மலத்தில் ஜியார்டியா கிருமி. அதோடு இரண்டு வாரம் பால், பால் காபி, பால் இனிப்பு எல்லாவற்றையும் முழுக்க நிறுத்திப் பாருங்கள். தயிர் அளவாகச் சாப்பிடலாம். உப்புசம் பாதியாகக் குறைந்தால் பால் சர்க்கரை செரிக்காததே காரணமாக இருக்கலாம். பின்பு ஒரு டம்ளர் பால் குடித்து, தொந்தரவு திரும்புகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எடை குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விழுங்கும்போது அடைப்பது, 50 வயதுக்குமேல் புதிதாக ஆரம்பித்த தொந்தரவு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் குடல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் குடலில் ஈஸ்ட் பெருக்கம் என்ற நோயே கிடையாதா? (வாசகர், மதுரை)

பதில்: உண்டு. ஆனால் அது இருக்கும் இடம் சிறுகுடல். மேல் சிறுகுடலில் பூஞ்சை மிகக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். இரைப்பை அமிலமும், சாப்பாடு இல்லாத நேரத்தில் குடலைத் துடைத்துத் தள்ளும் அசைவும் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. இவ்விரண்டில் ஒன்று கெட்டால் பூஞ்சை தங்கிப் பெருகும். உப்புசம், ஏப்பம், குமட்டல், வயிற்றுப்போக்கு, வாயு என்று அறிகுறிகள் வரும். பாக்டீரியா பெருக்கத்துக்கும் இதே அறிகுறிகள்தான் என்பதால் கேட்டு மட்டும் பிரித்தறிய முடியாது. அமெரிக்காவின் அகஸ்டாவில் காரணம் பிடிபடாத வயிற்றுத் தொந்தரவோடு வந்தவர்களைச் சோதித்தபோது, சுமார் கால் பங்கினருக்குச் சிறுகுடலில் பூஞ்சை மிகுந்திருந்தது. நீண்ட நாள் அமிலக் குறைப்பு மாத்திரை எடுத்தவர்களிடமும், குடல் அசைவு குறைந்தவர்களிடமும் இது கூடுதலாகத் தெரிந்தது.

ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை பாக்டீரியாவுக்கு உதவும், பூஞ்சைக்கு உதவாது. எண்டோஸ்கோப்பி செய்யும்போது கிருமி நீக்கிய தனிக் குழாய் வழியாகச் சிறுகுடல் நீரைச் சில மில்லிலிட்டர் உறிஞ்சி, பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் தனித்தனியாக வளர்த்துப் பார்ப்பதுதான் வழி. ஒரு மில்லிலிட்டரில் 1,000 பூஞ்சைக் கூட்டங்களுக்குமேல் வளர்ந்தால் பெருக்கம் என்று கொள்கிறார்கள். இங்கே தவறு நேர்வது எளிது. வாயிலுள்ள கேன்டிடா எண்டோஸ்கோப்புடன் சேர்ந்தே உள்ளே இறங்கும். அதனால் போகும் வழியில் எச்சிலையும் இரைப்பை நீரையும் அதே குழாயில் உறிஞ்சக் கூடாது. இந்தப் பரிசோதனை எல்லா ஊரிலும் செய்வதில்லை. பூஞ்சை வளர்ப்பும் கேட்டு எழுதினால்தான் லேப்பில் செய்வார்கள். எண்டோஸ்கோப்பிக்கு முன்பே மருத்துவரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

உறுதியானால் பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோல் தினமும் 100 முதல் 200 மில்லிகிராம், இரண்டு முதல் மூன்று வாரம். இதற்கென்று பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லை. ஆகவே மூன்று வாரத்தில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல், நோய் அதுதானா என்று மறுபடி யோசிப்பதே சரி. பாக்டீரியாவும் சேர்ந்து பெருகியிருந்தால் அதற்குத் தனி மருந்து வேண்டும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை, கொழுப்பு இரண்டும் உண்டு. கிளிமிபிரைடு, அட்டோர்வாஸ்டாட்டின், காலையில் பான்டோபிரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்த கேப்ஸ்யூல் சாப்பிடுகிறேன். மெடிக்கலில் ஃப்ளூகோனசோல் 150 தருகிறார்கள். தினமும் ஒன்று போடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: கூடாது. நீங்கள் சொன்ன மருந்துகளில் மூன்று அதோடு மோதுகின்றன.

சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றுவதை ஃப்ளூகோனசோல் தடுக்கிறது. மாத்திரையின் வேகம் கூடி ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும். இரவில், சாப்பாடு தள்ளிப்போன நாளில் இது ஆபத்து. ஃப்ளூகோனசோலால் கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் ரத்தத்தில் தேங்கினால் தசை வலியும், அரிதாகத் தசைச் சிதைவும் வரும். டாம்பெரிடோனும் ஃப்ளூகோனசோலும் சேர்ந்தால் இதயத்தின் மின் துடிப்பு நீண்டு, துடிப்பே தாறுமாறாகலாம். இந்தக் கடைசி ஜோடிதான் எங்களுக்கு அதிகக் கவலை தருகிறது. வயிற்றுத் தொந்தரவு உள்ளவர்களில் பலர் டாம்பெரிடோன் கலந்த கேப்ஸ்யூலை ‘வெறும் கேஸ் மாத்திரை’ என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அட்டையைத் திருப்பி உட்பொருள் பெயரைப் படியுங்கள்.

ஃப்ளூகோனசோல் அவசியம் என்று மருத்துவர் முடிவு செய்தால் டாம்பெரிடோனை நிறுத்துவார், கொழுப்பு மாத்திரையை அந்தச் சில வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம், சர்க்கரை மாத்திரையைக் குறைக்கலாம். வீட்டில் குளுக்கோமீட்டரில் காலை வெறும் வயிற்றிலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பாருங்கள். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஃப்ளூகோனசோலை நிறுத்தியதும் கவனம் தளரக் கூடாது. பாதியளவு உடலைவிட்டுப் போகவே சுமார் 30 மணி நேரம் ஆகும், முழுக்கப் போக ஒரு வாரம் பிடிக்கும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், அசினோகூமரால், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அளவைப் பாதியாக்க வேண்டியிருக்கும். கர்ப்பிணிகள் தாமாக எடுக்கவே கூடாது. இரண்டு வாரத்துக்குமேல் போவதானால் தொடங்கும் முன்பும் இடையிலும் கல்லீரல் பரிசோதனை தேவை.

கேள்வி: ஃப்ளூகோனசோலுக்குப் பதிலாக இட்ராகோனசோல்? நிஸ்டாடின்? (வாசகர், திருச்சி)

பதில்: இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் கரைய இரைப்பை அமிலம் வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே எடுக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் எடுத்துக்கொண்டே இதையும் விழுங்கினால் பெரும்பகுதி வீண். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. நிஸ்டாடின் குடலிலிருந்து ரத்தத்தில் சேர்வதே இல்லை. அதனால் பாதுகாப்பானது, மற்ற மருந்துகளோடும் மோதாது. ஆனால் தொட்ட இடத்தில் மட்டுமே வேலை செய்யும். வாயில் வரும் கேன்டிடாப் படலத்துக்குச் சரி, உணவுக்குழாய்த் தொற்றுக்குப் போதாது. கீட்டோகோனசோல் மாத்திரையை இதற்காக யார் தந்தாலும் வாங்காதீர்கள். கல்லீரலைக் கடுமையாகக் கெடுக்கக்கூடியது என்பதால் 2013லேயே அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திவிட்டன.

கேள்வி: ஈஸ்ட் உள்ள உணவு வேண்டாம் என்று இட்லி, தோசை, ஆப்பம், பிரெட், பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ஏழு கிலோ குறைந்துவிட்டது. இன்னும் எத்தனை நாள்? தேங்காய் எண்ணெய் குடித்தால் கேன்டிடா குறையுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இன்றே நிறுத்துங்கள், அந்தப் பத்தியத்தை. இட்லி மாவைப் புளித்துப் பொங்க வைப்பவை பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். கொஞ்சம் ஈஸ்ட் இருந்தாலும் ஆவியில் வெந்ததும் செத்துவிடும். ரொட்டியில் போடும் ஈஸ்ட் கேன்டிடா அல்ல, அதுவும் அடுப்பிலேயே சாகிறது. இட்லி சாப்பிட்டால் உப்புகிறது என்றால் உளுந்திலும், சாம்பாரின் பருப்பு, வெங்காயம், பூண்டிலும் உள்ள நொதிக்கும் சர்க்கரைகளைச் சந்தேகியுங்கள். இரண்டு வாரம் சாம்பாருக்குப் பதில் வெங்காயம் பூண்டு சேர்க்காத தேங்காய்ச் சட்னி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குளிர்பானம், பழச்சாறு, இனிப்பைக் குறைப்பது நல்லதுதான், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு. ஆனால் உணவில் சர்க்கரையை ஒழித்தே கேன்டிடாவைப் பட்டினி போட்டுவிடலாம் என்பதற்குச் சான்று இல்லை. தேங்காய் எண்ணெய் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எலிகளின் குடலில் அது கேன்டிடாவைக் குறைத்தது உண்மை. மனிதர்களுக்குச் சிகிச்சையாக நிறுவப்படவில்லை. சமையலில் சேர்ப்பது போதும், ஸ்பூன் ஸ்பூனாகக் குடிக்க வேண்டாம். ஏழு கிலோ இறங்கியது பத்தியத்தால் மட்டும்தானா என்பதையும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பூஞ்சை மருந்தோடு புரோபயாட்டிக் பாக்கெட்டும் எழுதித் தந்தார்கள். சேர்த்து எடுக்கலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: பாக்கெட்டில் ‘சாக்கரோமைசஸ் போலார்டி’ என்று இருந்தால் வேண்டாம். அதுவே ஒரு ஈஸ்ட். ஃப்ளூகோனசோல் அதையும் கொல்லும், காசு வீண். கழுத்து ரத்தக்குழாயில் குழாய் வைத்திருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள் இதை எடுத்தால் ரத்தத்திலேயே தொற்று வரக்கூடும். அவர்கள் பக்கத்தில் வைத்து அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கவும் கூடாது.

கேள்வி: மருந்து தொடங்கியதும் தலைசுற்றல், வாந்தி, கண் மஞ்சள். ஈஸ்ட் சாகும்போது இப்படித்தான் ஆகும், தொடரலாம் என்கிறார்கள். (வாசகி, நாகர்கோவில்)

பதில்: தொடரக் கூடாது. கண் மஞ்சள் கல்லீரல் பாதிப்பின் அறிகுறி. மருந்தை நிறுத்திவிட்டு இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கிருமி சாகும்போது காய்ச்சலும் நடுக்கமும் வருவது சிஃபிலிஸ் போன்ற சில பாக்டீரியா நோய்களில் அறியப்பட்டது. குடல் ஈஸ்டுக்கு அப்படி நிரூபிக்கப்படவில்லை. இந்த விளக்கத்தை நம்பி மருந்தின் பக்கவிளைவைப் பொறுத்துக்கொள்வது பெரும் ஆபத்து.

கேள்வி: அப்பாவுக்கு ஆஸ்துமா, இன்ஹேலர் எடுக்கிறார். நாக்கில் வெள்ளைப் படலம், இப்போது விழுங்கினால் நெஞ்சுக்குள் வலி. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இதைத் தாமதிக்க வேண்டாம். துணியால் துடைத்தால் படலம் பெயர்ந்து அடியில் சிவந்து தெரிந்தால் கேன்டிடாவாக இருக்கலாம். விழுங்க வலிப்பதால் உணவுக்குழாய்க்கும் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஃப்ளூகோனசோல் தினம் 200 முதல் 400 மில்லிகிராம், 14 முதல் 21 நாள். நான்கைந்து நாளில் வலி போய்விட்டது என்று நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் எண்டோஸ்கோப்பி. சர்க்கரை, எச்ஐவி இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது வழக்கம், சங்கடப்பட வேண்டாம். இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். ஸ்பேசர் என்ற இடைக்குழாயைப் பொருத்தி இழுத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். பல்செட் இருந்தால் இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி வைக்க வேண்டும்.

கேள்வி: சிறுகுடல் நீரைப் பரிசோதித்து, மூன்று வாரம் மருந்து எடுத்துக் குணமானேன். இரண்டு மாதத்தில் மறுபடி அதே உப்புசம். (வாசகர், சென்னை)

பதில்: அதே மருந்தை அப்படியே திரும்ப வாங்குவதற்கு முன் ஏன் திரும்பியது என்று பாருங்கள். முதல் சந்தேகம் அமிலக் குறைப்பு மாத்திரை. மருத்துவர் சம்மதித்தால் பான்டோபிரசோல் 40ஐ 20ஆக்கி இரண்டு வாரம், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு வாரம், அப்புறம் நிறுத்தலாம். சட்டென்று விட்டால் சில நாள் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்சு எரியும், பயந்து மறுபடி தொடங்கிவிடுவீர்கள். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளுக்குக் காவலாகவோ, ரத்தம் கசிந்த புண்ணுக்காகவோ எடுப்பவர்கள் நிறுத்தக் கூடாது.

அடுத்தது குடல் அசைவு. நீண்ட நாள் சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் ஸ்க்லெரோடெர்மா, முன்பு நடந்த குடல் அறுவை சிகிச்சை, இருமல் மருந்திலும் வலி மாத்திரையிலும் உள்ள கோடீன், டிரமடால் எல்லாம் அசைவை மந்தமாக்கும். வாய்க்கு ஓய்வில்லாமல் கொறித்துக்கொண்டே இருந்தால் துடைத்துத் தள்ளும் அசைவுக்கு இடமே கிடைக்காது. உணவுகளுக்கு இடையே நான்கு மணி நேரம் விடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, பூஞ்சையின் இனம். முதல் ரிப்போர்ட்டில் வெறுமனே ‘கேன்டிடா’ என்று இருந்தால், மறுபடி நீர் எடுக்கும்போது இனத்தையும், அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும் கேளுங்கள். கேன்டிடா க்ரூசிக்கு ஃப்ளூகோனசோல் இயல்பாகவே வேலை செய்யாது. கிளாப்ரேட்டாவுக்குப் பல சமயம் சாதாரண அளவு போதாது. அந்த ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் அடுத்த மருந்தை மருத்துவர் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும்.