பிராங்பர்ட்டில் ஐந்து நாள் கூடைக்காரன்

கேள்வி: வெளிநாட்டுக்குச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில், தெரிந்தவர்களின் கைவினைப் பொருள் கண்காட்சிக் கடையில் உதவிக்கு நின்ற அனுபவம் யாருக்காவது உண்டா? எப்படி இருந்தது?

உண்டு. கால் வலியோடு உண்டு.

2023 பிப்ரவரியில் ஜெர்மனியில் மெயின்ஸில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போயிருந்தேன். அதே வாரம் என் அத்தை, பக்கத்தில் இருக்கும் பிராங்பர்ட்டுக்கு 'அம்பியன்டே' என்ற வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சிக்காக வந்திருந்தார். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் பின்னும் பனையோலைக் கூடைகளை வாங்கி, அம்பத்தூரில் குடோன் வைத்து ஏற்றுமதி செய்கிறவர். கூட வர வேண்டிய பையனுக்கு விசா கிடைக்கவில்லை. "டேய், நீ சும்மா வந்து நில்லு, போதும்" என்றார். ரைன் நதிப் படகுப் பயணம் அதோடு போச்சு. (நான் சம்பளம் எதுவும் வாங்கவில்லை. உங்கள் விசாவில் இதற்கெல்லாம் இடம் உண்டா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.)

சென்னைக்காரனான எனக்குக் கண்காட்சி என்றால் தீவுத்திடலும் வள்ளுவர் கோட்டமும்தான். கூட்டம் வரும், பேரம் பேசும், பையில் போட்டுக்கொண்டு போகும். அங்கே அப்படி இல்லை. வியாபாரிகளுக்கு மட்டும்தான் அனுமதி, கையில் கொடுத்துக் காசு வாங்கக் கூடாது. அந்த ஊருக்கு இது பழகிய வேலை. சந்தைக்கு வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு அளித்துப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் சாசனம் கொடுத்தது 1240-ல். இங்கே சோழர்கள் இன்னும் ஆண்டுகொண்டிருந்த காலம். ஒரு அரங்கிலிருந்து இன்னொன்றுக்குப் போக விமான நிலையத்தில் இருப்பதுபோல நகரும் நடைபாதை வைத்திருக்கிறார்கள் என்றால் அளவைப் புரிந்துகொள்ளுங்கள்.

காலையில் என் முதல் வேலை, ஈரத் துண்டால் ஒவ்வொரு கூடையையும் துடைப்பது. சென்னையில் ஓலைக்கு எதிரி பூஞ்சை. சரியாகக் காயாமல் பெட்டிக்குள் வைத்தால் ஒரு வாரத்தில் சாம்பல் பூத்துவிடும். அங்கே நேர்மாறு. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அரங்கின் காற்று அப்பளம் மாதிரி உலர்ந்திருக்கும். முதல் நாள் மதியமே ஒரு மூடியின் விளிம்பு 'டக்'கென்று விரிந்துவிட்டது. அத்தை அதை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, சிரித்த முகம் மாறாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது வேலை நோட்டு. வருகிறவர் விசிட்டிங் கார்டு கொடுத்ததும் ஒரு பக்கத்தில் ஸ்டேப்ளர் அடித்து, எந்த மாடல் நம்பரைத் தொட்டார், என்ன கேட்டார் என்று அங்கேயே எழுத வேண்டும். சாயங்காலம் எழுதலாம் என்று விட்டால் எல்லா முகமும் ஒரே முகமாகிவிடும். கேள்விகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: எஃப்ஓபி விலை என்ன (அதாவது சென்னைத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவது வரைக்குமான விலை), மினிமம் ஆர்டர் எத்தனை, என்ன சாயம். 1990-களில் ஜெர்மனி, உடம்புக்குக் கேடு என்று சில 'அசோ' வகை செயற்கைச் சாயங்களைத் தடை செய்தபோது நம் தோல், துணிக்காரர்கள் பட்ட பாடு அத்தைக்குத் தெரியும், அதனால் பரிசோதனைச் சான்றிதழை ஃபைலில் தயாராக வைத்திருந்தார். அப்புறம், கூடைகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்குமா என்று கேட்பார்கள். கூடை எடையே இல்லாத பொருள், ஆனால் கன்டெய்னரில் இடத்தை அடைக்கும். அடங்காத கூடை என்றால் காற்றுக்குக் கப்பல் கூலி கொடுப்பதுதான்.

பனைமரம் தமிழ்நாட்டின் மாநில மரம், குருத்தோலையை இப்படிக் கீறுவார்கள் என்று ஆரம்பத்தில் நான் கதை சொல்லிப் பார்த்தேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு விலைப்பட்டியலைக் கேட்டார்கள்.

ஒரு சொதப்பலும் நடந்தது. அத்தை சாப்பிடப் போன நேரத்தில் ஒருவர், நவம்பரில் மறு ஆர்டர் கொடுத்தால் எத்தனை நாளில் அனுப்புவீர்கள் என்றார். நான் பெரிய மனுஷன் மாதிரி "45 நாள்" என்றேன். திரும்பி வந்த அத்தை நோட்டைப் பார்த்துவிட்டு, "ஐப்பசி கார்த்திகை மழையில ஓலைய உங்க வீட்டு மொட்டை மாடியிலயா காய வைக்கப் போற?" என்றார். கிறிஸ்துமஸ் சரக்குக்கே பிப்ரவரியில் ஆர்டர் வாங்கி, மழைக்கு முன்னால் கப்பல் ஏற்றிவிடுவதுதான் அவர் கணக்கு. நான் ஓடிப்போய் அந்த மனிதரை இரண்டு சந்து தள்ளிப் பிடித்து, "90 நாள்" என்று திருத்தினேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அவரிடமிருந்து இன்றுவரை ஒரு மெயில் இல்லை.

நான்காம் நாள் ஒரு அம்மா வந்தார். பேசவே இல்லை. பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, ஒரே மாடல் நம்பர் போட்ட மூன்று கூடைகளின் வாயை அளந்தார். 29 சென்டிமீட்டர், 30, 31. "இதில் எது உங்கள் கூடை?" என்று கேட்டார். நான் கையால் செய்தது என்று ஏதோ ஆரம்பித்தேன். அத்தை என் கையை லேசாக அழுத்தி நிறுத்திவிட்டு, "நடுவில் இருப்பது. 600 வேண்டுமென்றாலும் அதே அளவில் தருகிறேன்" என்றார். எந்தத் தைரியத்தில் சொன்னீர்கள் என்று ரயிலில் கேட்டேன். "ஒரு தைரியமும் இல்லடா, வாயில வந்துடுச்சு" என்றார்.

மே மாதம் அந்த ஆர்டர் வந்தது, சரியாக 600. அத்தை பாரிமுனையில் கடை கடையாக ஏறி, டேப் வைத்து அளந்து, ஒரே மாதிரி நீல பிளாஸ்டிக் வாளி 40 வாங்கினார். ஒவ்வொரு வாளியிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டு, பின்னுகிற வீட்டுக்கு ஒன்றாக ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வாளியைக் கவிழ்த்து அதன் மேலேயே பின்னிக் கோட்டில் நிறுத்த வேண்டும். போன முறை நான் அங்கே போனபோது ஒரு வீட்டில் அதே வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். கோடு மட்டும் அழியாமல் இருந்தது.