பெட்டோங் டெர்ரா டாஸ்ஸா? சைட் ஜெர்மன் கேள்வி பதில்

ஜெர்மனில ஒரு கட்டுமான கம்பெனி சைட் ஆபிஸ்ல வேலை பாக்குறேன். காங்கிரீட், சிமெண்ட், செங்கல் வார்த்தைகளுக்கு டெர், டீ, டாஸ் (பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற ஆர்ட்டிகிள்; டெர் ஆண்பால், டீ பெண்பால், டாஸ் ரெண்டுமில்லாத பால்) எது வரும், எப்படி பேசணும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, வந்த கேள்விகளுக்கு வரிசையா பதில் போடுறேன்.

கேள்வி: அண்ணா, சிவில் முடிச்சுட்டு பி1 (ஜெர்மன் மொழியோட நடு லெவல்) படிக்கிறேன். காங்கிரீட்டுக்கு பெட்டோங்னு சொல்றாங்க, அது உயிரில்லாத பொருள்தானே, டாஸ் போட்டா சரியா?

இல்ல தம்பி, டெர் பெட்டோங். உயிர் இருக்கா இல்லையான்னு பாக்குறது நம்ம உயர்திணை அஃறிணை கணக்கு, அது அங்க செல்லாது. இது பிரெஞ்சுல இருந்து வந்த வார்த்தை, அங்கயும் ஆண்பால்தான். நான் புதுசா வர்றவங்களுக்கு சொல்றது மண்வெட்டி ரூல், அதாவது சைட்ல மண்வெட்டியால அள்ளுற சாமான் பெரும்பாலும் டெர். ட்செமென்ட், ஸாண்ட், கீஸ் (கூழாங்கல் ஜல்லி), ஷ்ப்ளிட் (உடைச்ச ஜல்லி), கால்க் (சுண்ணாம்பு), கிப்ஸ், லேம் (களிமண்), மோர்ட்டெல் (கலவை), புட்ஸ் (பூச்சு), எல்லாமே டெர். இதுல மாட்டாதது டீ எர்டெ, வெறும் மண்ணு, ஆனா அது எ-ல முடியுது, எ-ல முடியுற சாமான் முக்கால்வாசி டீ தான்: டீ ஃப்ளீஸெ (டைல்ஸ்), டீ ப்ளாட்டெ (தகடு, ஸ்லாப்), டீ ஷ்ரௌபெ (ஸ்க்ரூ), டீ ஃபார்பெ (பெயிண்ட்). உலோகம்னா டாஸ், ஐஸென் (இரும்பு), குப்ஃபர் (செம்பு), ட்ஸிங்க் (துத்தநாகம்), அலுமினியும், ஆனா ஷ்டால் (எஃகு) மட்டும் டெர்னு நிக்கும். மரமும் கண்ணாடியும் டாஸ் ஹோல்ட்ஸ், டாஸ் க்ளாஸ். செங்கல் டெர் ட்ஸீகெல், பலகை டாஸ் ப்ரெட், இதெல்லாம் மனப்பாடம்தான், வழியில்ல.

கேள்வி: தப்பா டாஸ் பெட்டோங்னு சொல்லிட்டா சைட்ல புரியாதா என்ன? ஏன் இவ்ளோ பயமுறுத்துறாங்க?

புரியும், யாரும் வேலையை நிறுத்த மாட்டாங்க. சைட்ல பாதி பேர் போலந்து, ருமேனியா, துருக்கிக்காரங்க, அவங்களும் ஆர்ட்டிகிளை முழுங்கிட்டுதான் பேசுறாங்க. ஆனா பால் அந்த ஒரு ஆர்ட்டிகிளோட போயிடாது, வாக்கியம் முழுக்க பின்னாடியே வரும். லாரி வந்து நிக்குது, மேஸ்திரி, அவங்க பாஷைல போலீர், சொல்றார்: டெர் பெட்டோங் இஸ்ட் டா, எர் முஸ் ஸோஃபோர்ட் ரைன். காங்கிரீட் வந்துருச்சு, உடனே உள்ள போடணும். இங்க எர்னா "அவன்" இல்ல, காங்கிரீட்டு. நாம "அது"ன்னு நினைச்சு எஸ்னு சொல்லுவோம், எர்னு கேட்டா எவனோ வரணும் போலன்னு திரும்பிப் பாப்போம். அதே மாதிரி ஏணி (டீ லைட்டர்) எங்கன்னு கேட்டா, ஸீ ஷ்டேட் ஹிண்டென்னு பதில் வரும், ஸீன்னா ஏணி, பின்னாடி நிக்குது.

இன்னொரு இடம், ஆர்ட்டிகிள் இல்லாத இடம். டெலிவரி சீட்டுல ஆர்ட்டிகிளே இருக்காது, ஆனா ஃப்ரிஷர் பெட்டோங் (புது காங்கிரீட்), ட்ரோக்கெனெஸ் ஹோல்ட்ஸ் (காஞ்ச மரம்), வைஸெ ஃபார்பெ (வெள்ளை பெயிண்ட்)னு பெயரடையோட வால்ல, அதாவது -அர், -எஸ், -எ-ல, பால் வந்து உக்காந்துக்கும். அதனால நோட்ல டெர் பெட்டோங்னு மட்டும் எழுதாம கூட ஃப்ரிஷர் பெட்டோங்னும் சேத்து எழுதுங்க, வாய்ல தானா நிக்கும்.

கேள்வி: பெட்டோங்கா பெட்டோனா? யூடியூப்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க.

ரெண்டும் சரி. ஜெர்மனில அதிகம் கேக்குறது பெட்டோங். ஆஸ்திரியாலயும் தெற்கு ஜெர்மனிலயும் பெட்டோன்னு நீட்டுவாங்க. நீங்க போற ஊர்ல என்ன கேக்குதோ அதை பிடிச்சுக்கங்க.

கேள்வி: எப்ப ஆர்ட்டிகிள் போடணும், எப்ப விடணும்? "காங்கிரீட் வேணும்"னு எப்படி சொல்றது?

பொதுவா சரக்கா சொல்றப்ப ஆர்ட்டிகிள் வேண்டாம்: விர் ப்ரௌகென் பெட்டோங். எதால செஞ்சதுன்னு சொல்றப்பவும் வேண்டாம்: டீ டெக்கெ இஸ்ட் ஔஸ் பெட்டோங், சீலிங் காங்கிரீட்டு. இப்ப வந்து இறங்கியிருக்கிற குறிப்பிட்ட காங்கிரீட்னா டெர், செயப்படுபொருளா வந்தா டென் பெட்டோங், மிட்ங்கிற வார்த்தைக்கு ("உடன்"னு அர்த்தம்) அப்புறம் வந்தா மிட் டெம் பெட்டோங். அளவு சொல்றது நமக்கு ஈஸி, ஏன்னா நாமளும் "ரெண்டு மூட்டை சிமெண்ட்"னு தானே சொல்றோம், அவங்களும் ட்ஸ்வை ஸாக் ட்செமென்ட், ஸெக்ஸ் குபீக் பெட்டோங் (ஆறு கன மீட்டர் காங்கிரீட்), நடுவுல எதுவும் ஒட்டாது. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, அங்க மூட்டை பெரும்பாலும் 25 கிலோ, நம்மூர் 50 கிலோ கணக்குல ஆர்டர் போட்டா பாதிதான் வந்து இறங்கும்.

கேள்வி: சிமெண்ட் ரோடுக்கு ட்செமென்ட்ஷ்ட்ராஸென்னு எழுதினேன், டீச்சர் அடிச்சு விட்டுட்டாங்க.

சரியாத்தான் அடிச்சிருக்காங்க. நாம சிமெண்ட் ரோடு, சிமெண்ட் தரை, சிமெண்ட் பூசுறதுன்னு எல்லாத்தையும் சிமெண்ட்லயே முடிச்சுடுவோம். அவங்களுக்கு ட்செமென்ட்னா மூட்டைல இருக்குற பொடி மட்டும். தண்ணி, மணல், ஜல்லி சேந்துட்டா அது பெட்டோங், ஜல்லி இல்லாம செங்கல் கட்டுற கலவைன்னா மோர்ட்டெல், செவுத்துல ஏறிட்டா புட்ஸ். ரோடு பெட்டோங்ஷ்ட்ராஸெ. நம்மாளுங்க டெர் டீ டாஸை விட இதுலதான் அதிகமா சறுக்குறாங்க, அதை யாரும் சொல்லிக் குடுக்குறதும் இல்ல.

கேள்வி: அண்ணை, நான் சுவிஸ்ல இருக்கிறன். எஸ்ட்ரிஷ் எண்டா தரைக்குப் போடுற சிமெந்துப் படை எண்டு புத்தகத்தில கிடக்கு, ஆனா எங்கட வீட்டுக்காரர் எஸ்ட்ரிஷில சாமான் வையுங்கோ எண்டு சொல்லுறார்?

ரெண்டு பேரும் சொல்றது சரிதான். ஜெர்மனில எஸ்ட்ரிஷ்னா டைல்ஸுக்கு அடில போடுற படை, சுவிஸ்ல அதுவே கூரைக்கு கீழ இருக்குற பரண் அறை. அந்த தரைப் படைக்கு உங்க ஊர்ல உண்டர்லாக்ஸ்போடென்னு சொல்லுவாங்க. எல்லாமே டெர், அதனால பால்ல குழப்பமில்ல. தைரியமா மேல கொண்டு போய் வைங்க.

கேள்வி: பெட்டோங்மிஷர் டெர், பெட்டோங்பும்பெ டீ, பெட்டோங்வெர்க் டாஸ். ஒரே பெட்டோங்தானே, ஏன் மாறுது?

கடைசி வார்த்தைதான் முடிவு பண்ணும், முன்னாடி வர்றதுக்கு ஓட்டு கிடையாது. பும்பெ டீ, அதனால பம்ப் டீ. வெர்க் டாஸ், அதனால பிளாண்ட் டாஸ். உங்-ல முடிஞ்சா கண்ண மூடிட்டு டீ போடுங்க: டீ ஷாலுங் நம்ம சென்ட்ரிங், டீ பெவேருங் கம்பி கட்டு, டீ டெம்முங் குளிருக்கு போடுற இன்சுலேஷன்.

கேள்வி: பால் மாறினா அர்த்தமே மாறுற வார்த்தை சைட்ல இருக்கா?

இருக்கு. டீ லைட்டர் ஏணி, டெர் லைட்டர் மேலதிகாரி. டீ கீஃபர் பைன் மரம், டெர் கீஃபர் தாடை எலும்பு. பௌலைட்டர்னா சைட் இன்ஜினியர், அவர் டெர், பெண்ணா இருந்தா டீ பௌலைட்டரின். ரிப்போர்ட்ல இன் விட்டுப்போய் டீ பௌலைட்டர்னு ஆயிடுச்சுன்னா படிக்கிறவங்களுக்கு ஏணி ஞாபகம் வந்துடும்.

கேள்வி: பெட்டோனென்னா காங்கிரீட் போடுறதா?

இல்லங்க, அது அழுத்திச் சொல்றது, நடுவுல டோ-வ நீட்டி பெடோனென். காங்கிரீட் போடுறது பெட்டோனீரென்.

கேள்வி: நம்ம எம்25 காங்கிரீட் கிரேடுக்கு அங்க என்ன சொல்றது? பன்மை உண்டா?

ட்சே 20/25. முதல் எண் சிலிண்டர் வலிமை, ரெண்டாவது கியூப் வலிமை, நம்ம எம்25 கியூப்ல பாக்குறது, அதனால ரெண்டாவது எண்ணோட ஒப்பிடணும். படிக்கிறப்ப ஃப்யுன்ஃப் உண்ட் ட்ஸ்வான்ட்ஸிஹ், அஞ்சு முன்னாடி வரும், போன்ல ஆர்டர் எடுக்குறப்ப 52-ன்னு எழுதிடாதீங்க. பன்மை பெட்டோங்ஸ், வகைகளைப் பத்தி பேசுனா மட்டும்தான் வரும், சைட்ல நான் கேட்டதே கம்மி.

கேள்வி: எங்க போலீர் ஒருத்தரை பெட்டோங்கோப்ஃப்னு சொன்னார், திட்டா?

திட்டுதான். காங்கிரீட் மண்டை, சொன்னா மாத்திக்கவே மாட்டான்னு அர்த்தம். கோப்ஃப் டெர்ங்கிறதால பொம்பளைய சொன்னாலும் டெர்தான், ஸீ இஸ்ட் ஐன் பெட்டோங்கோப்ஃப். புரிஞ்சு வச்சுக்கங்க, நீங்க சொல்லிடாதீங்க, அதுவும் ப்ரோபேஷன்ல இருக்குறப்ப.