தங்கச்சியின் நர்சிங் படிப்புக்கு அம்மாவின் நகையை விற்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 13,000. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், கடலுக்குப் போனால் பங்கு, போகாவிட்டால் ஒன்றுமில்லை. தங்கச்சி அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து 600-க்கு 471 எடுத்திருக்கிறாள், பி.எஸ்சி. நர்சிங்தான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். போன வாரம் ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார். பெங்களூரில் ஒரு கல்லூரியாம், நாலு வருஷத்துக்கு ஹாஸ்டலோடு சேர்த்து ஆறரை லட்சம், இந்த வாரத்துக்குள் 40,000 கட்டினால் சீட் உறுதி, மிச்சத்துக்கு லோன் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், முடித்ததும் துபாய், மாதம் ஒரு லட்சம் என்றார். அம்மாவிடம் 9 பவுன் இருக்கிறது, தங்கச்சி கல்யாணத்துக்கென்று வைத்தது. விற்றுவிடலாமா, அடகு வைக்கலாமா, கடன் வாங்குவதா? அம்மா நகையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டார், அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

பதில்: தம்பி, முதலில் அந்த நகையை எடுத்து அம்மா கையில் திருப்பிக் கொடுங்கள். பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆள் எந்த மாதத்தில் வந்தார் என்று கவனித்தீர்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கும், அரசு தருகிற 8,000 ரூபாய் நிவாரணத்தைத் தவிர வீட்டுக்குள் காசு வராது. பிளஸ் டூ ரிசல்ட்டும் சரியாக மே மாதத்தில்தான் வந்து விழுகிறது. கையில் பணம் இல்லாத நேரத்தில், பிள்ளையின் மார்க் ஷீட் புதிதாக வந்திருக்கும் நேரத்தில், "இந்த வாரத்துக்குள் கட்டினால்தான்" என்று ஒருவர் சொன்னால் எந்த அம்மாவும் நகையைத்தான் கழற்றுவார். தங்கச்சிமடம், பாம்பன், வேதாளை, தொண்டி என்று இந்தக் கரை முழுக்க வருஷா வருஷம் இதே கதையைக் கேட்கிறேன். அந்த அவசரம் அவருடைய கமிஷனுக்கான அவசரம், உங்கள் தங்கச்சியின் படிப்புக்கானது இல்லை.

உங்கள் கேள்வி நகையா கடனா என்பது. என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இந்தப் படிப்புக்கு எவ்வளவு வரை கடன்படலாம் என்பது. அதை துபாய்ச் சம்பளத்தை வைத்து அளக்கக் கூடாது, படித்து முடித்த முதல் வருஷம் கையில் வரும் சம்பளத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். ராமநாதபுரம், மதுரை பக்கம் தனியார் மருத்துவமனைகளில் புதிதாகச் சேருகிற பி.எஸ்சி. நர்சுக்கு நான் பார்த்தவரை 12,000 முதல் 18,000 வரைதான் கொடுக்கிறார்கள். அரசுப் பணி என்றாலும், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 18,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்துவிட்டு நிரந்தரத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. இதைச் சொல்லி உங்கள் தங்கச்சியைப் பயமுறுத்தவில்லை, நல்ல படிப்பு, வேலை கிடைக்காத நர்சை நான் பார்த்ததே அபூர்வம். ஆனால் வேலை கிடைப்பது வேறு, அந்த வேலையிலிருந்து கடன் கட்ட முடிவது வேறு.

இப்போது ஆறரை லட்சத்தைப் போட்டுப் பார்ப்போம். அத்தனையும் கடனாக வாங்கி, வருஷத்துக்குக் கால்வாசியாக எடுத்து, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், படிக்கும் நாலு வருஷமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்டத் தேவையில்லை, ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஐந்தாவது வருஷ முடிவில் அது 8 லட்சத்து 77 ஆயிரத்து 500 ஆகியிருக்கும். பத்து வருஷத்தில் கட்டினால் மாதம் 11,600 வரும், பதினைந்து வருஷம் என்று இழுத்தாலும் 9,400-க்குக் குறையாது. 15,000 சம்பளத்தில் 11,600 போனால் பிள்ளை ஹாஸ்டலில் என்ன சாப்பிடும்? அந்த இடத்தில்தான் கடைசியில் 9 பவுனும் போகும், கடனும் நிற்கும்.

அதனால் நான் கோடு போடுவது 4 லட்சத்தில். ஹாஸ்டல், சீருடை, பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, கிளினிக்கல் போஸ்டிங் என்கிற மருத்துவமனைப் பயிற்சிக்கு பஸ் என்று எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன், வெறும் கல்லூரிக் கட்டணம் மட்டும் இல்லை. ஏன் 4 லட்சம்? அதுவரை வங்கி சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது, உங்கள் கைப்பணம் என்று ஒரு பங்கு கட்டச் சொல்லவும் கூடாது, பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். அப்புறம் இன்னொன்று, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு. படிக்கும் காலத்துக்கும் அதற்கு அடுத்த ஒரு வருஷத்துக்குமான வட்டியை அரசே வங்கிக்குக் கட்டிவிடும். நீங்களும் அப்பாவும் சேர்ந்து சம்பாதிப்பது அந்த வரம்புக்குள்தான் வரும். மானியம் கிடைத்தால் ஐந்து வருஷம் கழித்தும் கடன் 4 லட்சமாகவே நிற்கும், பத்து வருஷத் தவணை 5,300, பதினைந்து என்றால் 4,300. கிடைக்காவிட்டால் அதே கடன் 5 லட்சத்து 40 ஆயிரமாகி, பத்து வருஷத்துக்கு மாதம் 7,100. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வருமானச் சான்றிதழ், நம்புவீர்களா? தாசில்தார் தருகிற அந்தச் சான்றிதழை நேரத்துக்கு வங்கியில் கொடுக்காமல் மானியத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். நான் வங்கியில் கல்விக் கடன் மேஜையில் உட்கார்ந்திருந்த காலத்தில், ஐந்தாவது வருஷம் வந்து "வட்டி ஏன் ஏறியிருக்கிறது" என்று அழுத அப்பாக்களிடம் சொல்ல என்னிடம் பதில் இருந்ததில்லை.

இந்த மானியத்துக்கு ஒரு நிபந்தனை. கல்லூரிக்கு, கல்லூரிகளின் தரம் பார்க்கும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீடு இருக்க வேண்டும், அந்த ஏற்பாட்டுக்குள் வராத நர்சிங் கல்லூரி என்றால் இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். ஏஜென்ட் சொல்லும் கல்லூரியின் பெயரை எழுதி வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கிறதா, எந்தப் பல்கலைக்கழகத்தில் இணைந்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள். பெயரைச் சொல்லவே அவர் தயங்கினால் வேலை முடிந்தது. வெளி மாநிலத்தில் படித்து அங்கே பதிவு செய்தால், இங்கே வேலை பார்க்கத் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலுக்குப் பதிவை மாற்ற வேண்டும், அதற்கும் அலைச்சல் உண்டு.

சரி, 4 லட்சத்துக்குள் எப்படி முடிப்பது? கவுன்சிலிங். மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு நடத்துவது, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். நீட் எழுதவில்லையே என்று ஏஜென்ட் பயம் காட்டியிருந்தால், நம் மாநிலக் கவுன்சிலிங்குக்கு அது வேண்டாம், புதுச்சேரி ஜிப்மர் மாதிரி சில இடங்களுக்குத்தான் கேட்கிறார்கள். மதுரை மருத்துவக் கல்லூரியோடு இருக்கும் நர்சிங் கல்லூரி மாதிரி அரசு இடம் கிடைத்துவிட்டால் கட்டணம் மிகக் குறைவு, சாப்பாட்டுக்கும் தங்கவும்தான் செலவு, கடனே தேவைப்படாமல் போகலாம். அது கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம். பட்டம் எப்படியும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே போட்டு வையுங்கள், கவுன்சிலிங் நேரத்தில் ஓட வேண்டாம். தங்கச்சி ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும், வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. பஸ், ரெக்கார்டு, சோப்பு, ரீசார்ஜ் எல்லாம் அதில் ஓடிவிடும். அப்பாவிடம் மீனவர் நலவாரிய அட்டை இருக்கும், வாரியம் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகிறது, மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஐஸ் கம்பெனிக் கணக்கெல்லாம் பார்க்கிற உங்களுக்கு இந்தப் பேப்பர் வேலை பெரிதில்லை.

பி.எஸ்சி. கிடைக்கவில்லை, மூன்று வருஷ டிப்ளமோதான் அரசு இடத்தில் கிடைக்கிறது என்றால்? ஆறரை லட்சத்து பி.எஸ்சி.யைவிட அதைத்தான் எடுக்கச் சொல்வேன். பின்னால் இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் படித்தால் அதுவும் பி.எஸ்சி.தான், அதற்குள் சம்பாதித்த கையோடு படிக்கலாம். ஒரு வித்தியாசம் உண்டு, மறைக்க மாட்டேன். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்சிங் ஆபீசர் எடுக்கும் நார்செட் தேர்வை, பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவர் உடனே எழுதலாம், டிப்ளமோக்காரர் 50 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த வேலையின் அடிப்படைச் சம்பளம் மட்டும் 44,900. மதுரை எய்ம்ஸின் எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் 2022 முதல் நம் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தானே படிக்க ஆரம்பித்தார்கள், தங்கச்சிக்கு அதைக் காட்டியே ஆசை மூட்டலாம். துபாயைவிட நல்ல ஆசை. ஒரு வருஷச் சான்றிதழ் படிப்பை "நர்சிங்" என்று விற்கிறார்களே, அதன் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள், அதை வைத்துக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது.

துபாய் பொய் என்று சொல்ல மாட்டேன். கீழக்கரையில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற ஊர்க்காரர்களிடம் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் படித்த மறுநாள் யாரும் கூப்பிடுவதில்லை. பொதுவாக இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள், அந்த நாட்டு உரிமத் தேர்வு எழுத வேண்டும், சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தனிச் செலவு. வளைகுடாவுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் வழியாக அனுப்ப வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது, நமக்குச் சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. போகட்டும், சம்பாதிக்கட்டும், அது கடனைச் சீக்கிரம் முடிக்க உதவும். கடன் வாங்கும்போது மட்டும் அந்தச் சம்பளத்தைக் கணக்கில் எழுதாதீர்கள்.

"லோன் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்ற பேச்சுக்கு வருகிறேன். கல்விக் கடனுக்கென்றே இருக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், அதற்குத் தரகர் வேண்டாம். போவதற்கு முன் ஒரு வேலை: அப்பா அம்மா இருவரின் சிபில் அறிக்கையையும், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினார்களா என்று காட்டும் அறிக்கையை, எடுத்துப் பாருங்கள். நம் பக்கம் அம்மாக்கள் பேரில் குழுக் கடன், நுண்கடன் என்று இரண்டு மூன்று இருக்கும், தடைக்காலத்தில் ஒரு தவணை தவறியிருக்கும், அது அங்கே சிவப்பாக நிற்கும். இரண்டாயிரமோ மூவாயிரமோ பாக்கி இருந்தால் அதை அடைத்து ரசீது வாங்கிவிட்டுப் போங்கள். மேனேஜர் வாய்வார்த்தையாக முடியாது என்றால் எழுத்தில் கேளுங்கள், முக்கால்வாசி நேரம் அந்த ஒரு வார்த்தையிலேயே விஷயம் மாறும். மாறாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு, அல்லது மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர்.

நகையைப் பற்றி. விற்க வேண்டாம். மொத்தமாக அடகும் வேண்டாம், ஏனென்றால் வங்கி நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருஷத்தில் அசலும் வட்டியும் கேட்கும், இந்த ஜூனில் வைத்தால் அடுத்த ஜூனில், அதாவது மறுபடியும் தடைக்காலம் முடிகிற நேரத்தில், கையில் ஒன்றுமில்லாதபோது நோட்டீஸ் வரும். வாரத்தில் மூன்று நாள் தொழிலுக்குப் போய்ப் பங்கு வாங்கும் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாகக் கட்டுவது பொருந்தாது, பதினைந்து வருஷத்துக்குப் பரவிய கல்விக் கடன் பொருந்தும். கடன் பணம் வரத் தாமதமாகி முதல் தவணைக் கட்டணத்துக்கு நாள் நெருக்கினால் மட்டும் ஒன்றரை, இரண்டு பவுனை வங்கியில், அடகுக் கடையில் இல்லை, வைத்துக் கட்டுங்கள். ரசீதைக் கொடுத்தால் அந்தத் தொகையையும் கடனில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், வந்ததும் நகையை மீட்டுவிடுங்கள்.

உங்களால் மாதம் 1,500 ஒதுக்க முடியுமா? முடியும் என்றால் தபால் ஆபீஸில் ஐந்து வருஷ ஆர்.டி., அதாவது மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு, போடுங்கள், இப்போதைய 6.7 சதவீதத்தில் முடிவில் 1 லட்சத்து 7 ஆயிரம் வரும். அவளுடைய தவணை ஆரம்பிக்கும் மாதம் அதைக் கடனில் கட்டினால் 4 லட்சம் 3 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிடும். வட்டி மானியம் கிடைக்கவில்லை என்று தெரிந்தால் ஆர்.டி.க்குப் பதில் அந்த 1,500-ஐ மாதா மாதம் வட்டிக்கே கட்டுங்கள். படிக்கும்போதே வட்டியை ஒழுங்காகக் கட்டினால் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை குறைக்க இடம் உண்டு, கடன் போடும்போதே கேட்டு வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இது எங்கள் வீட்டிலேயே பட்டது. என் அக்கா மகளை ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தபோது ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் வேறு இடம் கிடைத்து விலகப் போனபோது நாலு வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். அலைந்து திரிந்து வாங்குவதற்குள் அந்த இடமும் போய்விட்டது. அதனால் ஏஜென்ட் கையில் மார்க் ஷீட்டின் ஒரிஜினலையோ மாற்றுச் சான்றிதழையோ கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பி வாங்குங்கள். 40,000 இன்னும் கொடுக்கவில்லைதானே? கொடுக்காதீர்கள். ஏதாவது முன்பணம் கொடுத்திருந்தால் ரசீது யார் பேரில், கல்லூரி பேரிலா அவர் பேரிலா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், அதைத் தனியாகப் பேசுவோம்.