முடிவு தெரிந்த கதையில் ஏன் இத்தனை படபடப்பு?

கேள்வி: ஃபிரெடரிக் ஃபோர்சைத் எழுதிய ‘த டே ஆஃப் த ஜாக்கல்’ நாவலை அண்மையில் படித்தேன். பிரான்ஸ் அதிபர் சார்லஸ் டி கோலைக் கொல்ல ஒரு கூலிக் கொலையாளியை அமர்த்துவதுதான் கதை. டி கோல் அப்படிச் சாகவில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். இருந்தும் கடைசி நூறு பக்கங்களைப் படபடப்போடுதான் படித்தேன். இது எப்படிச் சாத்தியம்?

பதில்: உங்களுக்கு வந்த ஐயம் அந்த நாவலைப் பார்த்த பதிப்பாளர்களுக்கும் வந்தது. ஃபோர்சைத் அதை எழுதிய 1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டி கோல் உயிரோடு இருந்தார். உயிரோடு இருப்பவரைக் கொல்லும் சதியைப் பற்றிய கதையில் என்ன விறுவிறுப்பு இருந்துவிட முடியும் என்று கருதி, சில பதிப்பகங்கள் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பின. அந்த ஆண்டு நவம்பரில் டி கோல் தம் வீட்டிலேயே காலமானார். நாவல் 1971இல் வெளிவந்து, பதிப்பாளர்களின் கணக்கைப் பொய்யாக்கியது.

அவர்கள் தவறவிட்டது ஒன்றுதான். கொல்லப்படுவாரா, மாட்டாரா என்ற கேள்வியை நம்பி அந்த நாவல் எழுதப்படவே இல்லை. அது எங்கே தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் புறநகரான பெத்தி கிளமாரில் டி கோலின் காரை நோக்கி நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டன. டயர்கள் கிழிந்த நிலையிலும் ஓட்டுநர் காரை நிறுத்தாமல் செலுத்தியதால், டி கோலும் அவருடைய மனைவியும் காயமின்றித் தப்பினர். தாக்குதலை வகுத்த விமானப்படை அதிகாரி பாஸ்தியான் திரி, மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1963 மார்ச் 11 அதிகாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவை அனைத்தும் நடந்தவை. பிரான்ஸின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவுக்கு டி கோல் விடுதலை அளித்ததை மன்னிக்க முடியாத இராணுவத்தினர் சேர்ந்து நடத்திய ஓ.ஏ.எஸ். என்ற இரகசிய அமைப்பும், அதன் தலைவர்களுள் ஒருவரான அர்கூ 1963 பிப்ரவரியில் மியூனிக் நகரிலிருந்து கடத்தப்பட்டதும் அப்படியே. அமைப்பு சிதைந்துகொண்டிருந்த இந்தச் சூழலில், யாருக்கும் தெரியாத ஓர் அந்நியனைக் கூலிக்கு அமர்த்தினால் என்ன என்று ஒருவர் நினைக்கிறார். கற்பனை அங்கேதான் நுழைகிறது. வரலாறு விட்டுவைத்த இடைவெளிக்குள் அது அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால், உண்மை எங்கே முடிந்தது என்பதை நாம் கவனிப்பதே இல்லை.

அதன் பிறகு நம் மனத்தில் எழும் கேள்வி வேறு. இவன் எவ்வளவு அருகில் வரப்போகிறான்? எந்த அற்பத் தடையால் தோற்கப்போகிறான்? பதினேழாம் நாள் போரில் கர்ணனுடைய தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும் என்பது தெரிந்தேதான் தலைமுறை தலைமுறையாகப் பாரதக் கதையைக் கேட்டுவருகிறோம். தெரிந்திருப்பதால் கவனம் குறைவதில்லை. முடிவை நோக்கி எடுத்துவைக்கப்படும் ஒவ்வோர் அடியும் நமக்குக் கூடுதலாகக் கனக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறந்துபோன ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழைப் பெற்று அதன் பெயரில் கடவுச்சீட்டு வாங்குவதையும், துப்பாக்கியைத் தனியே செய்வித்துச் சோதித்துப் பார்ப்பதையும், ஃபோர்சைத் ஒரு நிருபரின் நிதானத்தோடு அடுக்கிச் செல்கிறார். அவர் பாரிஸில் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் நிருபராக இருந்தவர். அந்தக் கடவுச்சீட்டு ஓட்டை பிரிட்டனில் உண்மையாகவே இருந்தது. இப்படிப் பக்கம் பக்கமாக அவனுடைய வேலையைப் பார்த்துக்கொண்டே வரும்போது, அந்த வேலை பிசகிவிடக் கூடாதே என்ற கவலை கொலையாளியின் சார்பில் நமக்கே வந்துவிடுகிறது. நல்ல அரசியல் திகில் நாவல் தரும் அனுபவத்தில் என்னை மிகவும் உலுக்குவது இந்தச் சங்கடம்தான். உங்கள் படபடப்பிலும் அதற்கு ஒரு பங்கு இருந்திருக்கும். இன்னும் படிக்காதவர்களுக்காகக் கடைசிக் காட்சியைச் சொல்லாமல் விடுகிறேன்.

கேள்வி: இத்தகைய நாவல்களைப் படித்தால் வரலாற்று அறிவே குழம்பிவிடும் என்கிறார் என் நண்பர். எது நடந்தது, எது புனைவு என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: நண்பரின் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால், அதற்காக நாவலைக் கைவிட வேண்டியதில்லை. பொது இடத்தில், பலர் அறிய நடந்தவையும், அவற்றின் தேதிகளும் விளைவுகளும் பெரும்பாலும் உண்மையாக இருக்கும். மூடிய அறைக்குள் இருவர் பேசிக்கொண்டதும், ஒருவர் மனத்துக்குள் நினைத்ததும் பெரும்பாலும் ஆசிரியருடையவை. அமைச்சர்கள் நிஜப் பெயரோடு வருவார்கள், துப்பறியும் அதிகாரி கற்பனையாக இருப்பார். மேலே சொன்ன நாவலில் உள்துறை அமைச்சர் ரோஜே ஃபிரே நிஜ மனிதர், கொலையாளியைத் தேடும் லெபெல் புனைவு.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம், மிகத் துல்லியமாக ஒலிக்கும் இடம். அதே நாவலின் தொடக்கத்தில், பாஸ்தியான் திரி தவறுதலாக முந்திய ஆண்டின் நாட்காட்டியைப் பார்த்ததால், அந்தி 8.35க்குச் சாயும் என்று நம்பியதாகவும், 1962இல் அது 8.10க்கே சாய்ந்துவிட்டதாகவும், அந்த இருபத்தைந்து நிமிடமே டி கோலைக் காப்பாற்றியதாகவும் வருகிறது. படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். சற்று யோசித்தால், ஒரே ஊரில் ஒரே தேதியில் சூரியன் மறையும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு ஓரிரு நிமிடத்துக்கு மேல் மாறாது என்பது நினைவுக்கு வரும். நிமிடக் கணக்கு கொடுத்திருப்பதாலேயே நாம் அதைச் சோதிக்காமல் விட்டுவிடுகிறோம். நானும் அதைப் பல ஆண்டுகள் உண்மையென்றே நம்பிப் பிறருக்கும் சொல்லி வந்தேன்.

இந்தப் பிழையால் கதைக்குச் சேதமில்லை. ஆனால், நிஜமாக வாழ்ந்த ஒருவர் மீது அவர் செய்யாத குற்றத்தைச் சுமத்தும் புனைவை, அது எவ்வளவு திறமையாக எழுதப்பட்டிருந்தாலும், என்னால் ஏற்க முடிவதில்லை. ஒரு கொலையாளியைக் கற்பனை செய்யும் உரிமை நாவலாசிரியருக்கு உண்டு, இறந்தவர் தலையில் பழியை ஏற்றும் உரிமை கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வரலாற்றை முதலில் படித்துவிட்டு நாவலுக்கு வர வேண்டுமா, நாவலை முதலில் படிக்கலாமா?

பதில்: நாவலையே முதலில் படியுங்கள். இடையில் கைப்பேசியை எடுத்து ஒவ்வொரு பெயரையும் தேடாதீர்கள். ஐயம் எழுந்த இடங்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, படித்து முடித்த பின் தேடுங்கள். அந்தத் தேடல் இரண்டாவது நாவலாகவே அமைந்துவிடுவதுண்டு.

தொடங்குவதற்கு ட்ரேஃபஸ் வழக்கைச் சொல்வேன். அதை வைத்து ராபர்ட் ஹாரிஸ் 2013இல் ‘அன் ஆஃபீசர் அண்ட் எ ஸ்பை’ என்ற நாவலை எழுதினார். பாரிஸிலிருந்த ஜெர்மன் தூதரகத்தின் குப்பைக்கூடையிலிருந்து பிரெஞ்சு இராணுவ இரகசியங்களைத் தருவதாகச் சொல்லும் கிழிந்த கடிதம் ஒன்றைத் துப்புரவுப் பெண்மணி ஒருவர் எடுத்துக் கொடுக்க, அதைக் கொண்டு கேப்டன் ட்ரேஃபஸ் என்ற யூத அதிகாரி 1894இல் துரோகி எனத் தண்டிக்கப்பட்டு, கடல் நடுவே ஒரு தீவில் அடைக்கப்படுகிறார். உளவுப் பிரிவின் தலைமைக்கு வந்த பிக்கார், கடிதத்தின் கையெழுத்து எஸ்தெர்ஹாசி என்ற வேறோர் அதிகாரியுடையது என்பதை 1896இல் கண்டுபிடிக்கிறார். மேலதிகாரிகள் அவருக்கு நன்றி சொல்லவில்லை, துனீசியாவுக்கு அனுப்பிவைத்தார்கள். நாவலில் கதை சொல்பவர் இந்தப் பிக்கார்தான்.

ட்ரேஃபஸுக்கு எதிராக அதே உளவுப் பிரிவிலிருந்த மேஜர் ஹென்றி புனைந்த சான்றும் இந்த வழக்கில் உண்டு. 1898 ஆகஸ்டில், க்விஞ்ஞே என்ற அதிகாரி இரவில் அந்தக் காகிதத்தை விளக்கொளியில் வைத்துப் பார்த்தார். தாளின் மேல்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் இருந்த கோடுகள் ஒரு நிறமாகவும், நடுப்பகுதியின் கோடுகள் வேறு நிறமாகவும் தெரிந்தன. இரண்டு கடிதங்களை வெட்டி ஒட்டியிருந்தார்கள். நாவலை முடித்த பிறகு இதன் வரலாற்றை எடுத்துப் படித்தால், எந்த நாவலாசிரியரும் புனையத் தயங்கும் அந்த விளக்கொளிக் காட்சி உண்மையிலேயே நடந்தது என்பதைக் காண்பீர்கள்.