ஏல விளம்பரம் வந்துவிட்டதா?

கேள்வி: லாஸ்பேட்டையில் வீடு கட்ட வங்கியில் 28 லட்சம் கடன் வாங்கினோம். கணவருக்கு வேலை போனதால் எட்டு மாதமாகத் தவணை கட்டவில்லை. மொத்தக் கடனையும் 60 நாளில் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. 20 நாளைக்கு முன் தெருவே பார்க்க, வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகக் கதவில் பொசஷன் நோட்டீஸ் ஒட்டிப் படமும் எடுத்தார்கள். மேனேஜர் மரியாதையில்லாமல் பேசினார். அவர்மேல் வழக்குப் போட்டு ஏலத்தை நிறுத்தலாமா? மாடியை 6 லட்சத்துக்கு லீஸுக்கு விட்டு வங்கியில் கட்டச் சொல்கிறார் ஒரு புரோக்கர்.

பதில்: மேனேஜர் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான் அம்மா. ஆனால் அதை வைத்து ஏலத்தை நிறுத்த முடியாது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பேப்பரில் ஏல விளம்பரம் வந்துவிட்டதா?

கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(8) பிரிவை 2016-ல் திருத்தினார்கள். ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான் மொத்த பாக்கியையும் செலவோடு கட்டி வீட்டை மீட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2023-ல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. ஏலம் முடிந்த பிறகு கடன்தாரர் பணத்தோடு வந்தார். ஆனாலும் சொத்து ஏலம் எடுத்தவருக்கே போனது.

லீஸ் யோசனையை இன்றே கைவிடுங்கள். 60 நாள் நோட்டீஸ் வந்த பிறகு, வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கோ லீஸுக்கோ விடவோ 13(13) பிரிவு தடை போடுகிறது. 6 லட்சத்தைக் கட்டினால் வங்கி வாங்கி வரவு வைத்துக்கொள்ளும், ஏல வேலையும் அதுபாட்டுக்கு நடக்கும். பாக்கி முழுசாகத் தீர்ந்தால்தான் மீட்பு. வீடு ஏலம் போன பிறகு, லீஸுக்கு வந்தவர் பணத்தைக் கேட்டு உங்கள் வாசலில்தான் நிற்பார். வீடும் போய், மோசடிப் புகாருக்குக் காவல் நிலையத்தில் பதில் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களில் யாரும் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை. புரோக்கர் பேச்சை நம்பியவர்கள்.

சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் ஃபீஸ் கொடுக்காதீர்கள். 34-வது பிரிவு அந்த வழியை அடைத்திருக்கிறது. போக வேண்டிய இடம் கடன் மீட்புத் தீர்ப்பாயம். அங்கேயும் பெரும்பாலும் ஒரு தொகையைக் கட்டச் சொல்லித்தான் தடை கொடுப்பார்கள். தவணை தவறினால் தடையும் போய்விடும்.

விளம்பரம் வரவில்லையென்றால் என் யோசனை இதுதான்: வீட்டை நீங்களே விற்றுவிடுங்கள். கசப்பாக இருக்கும், தெரியும். ஆனாலும் ஏலத்தைவிட நல்ல விலை கிடைக்க வாய்ப்பு அதிகம். முதலில் வங்கிக்கு எழுதி, மொத்த பாக்கிக் கணக்கும் விற்பனைக்குச் சம்மதக் கடிதமும் வாங்குங்கள். வாங்குபவர் பணத்தை உங்கள் கையில் தராமல், நேராகக் கடன் கணக்கில் டிடியாகக் கட்டட்டும். தொகையைக் குறைத்து ஓடிஎஸ் (ஒரே தவணையில் கடனை முடிக்கும் ஏற்பாடு) கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அது உங்கள் உரிமை கிடையாது. ‘ஹெட் ஆபீஸில் பேசிவிட்டேன்’ என்ற வாய்ப்பேச்சும் செல்லாது. தொகையும் கடைசித் தேதியும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

விளம்பரம் வந்துவிட்டது என்றால் அந்தப் பேப்பரையும் இரண்டு நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். பொசஷன் நோட்டீஸை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான். அதில் 20 நாள் ஏற்கெனவே போய்விட்டது.